ஓடுற வண்டியில இறங்கலாமா?

எலும்பு வார்டில் இருபத்தோரு வருஷமாக வேலை பார்க்கும் ஆயாவுக்கு வாயாடி என்று பட்டப்பெயர். டாக்டர்களுக்கே சுடச்சுடப் பதில் கொடுப்பாள். போன மாதம் மட்டும் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. நினைவு தடுமாறிய ஒருவரின் கைகளைக் கட்டிலோடு கட்டச் சொன்னார்கள், கட்டினாள். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இனி யார் கையையும் கட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

இப்போது பன்னிரண்டாம் கட்டிலில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மறதி நோய் முற்றிவிட்டது. இடுப்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு நாள்தான். காலை ஊன்றினால் எல்லாம் பாழ். அவரோ காலையிலிருந்து கட்டிலை விட்டு இறங்குவதிலேயே குறியாக இருந்தார். "இது ஆஸ்பத்திரி, படுங்க" என்று நர்ஸ்கள் சொல்லச் சொல்ல அவருடைய கத்தல்தான் கூடியது.

"இன்னொரு தடவை எந்திரிச்சார்னா கையைக் கட்டிடு." பெரிய சிஸ்டர் துணியை ஆயாவின் கையில் திணித்தார்.

சொல்லி வாய் மூடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் கேட்டு, தலைமாட்டு மணியை ஒரு தடவை அழுத்தினார். கண்டக்டர் சட்டென்று ஒரு காலை வெளியே போட்டார்.

"ஸ்டாப் வந்துருச்சு. ஆளுங்களை இறக்கணும்."

ஆயாவுக்கு அப்போதுதான் புரிந்தது. யாராவது மணி அடித்த போதெல்லாம்தான் இவர் எழுந்திருக்கிறார்! பஸ்ஸில் ஒரு மணி என்றால் நில், இரண்டு என்றால் போ. தினமும் பஸ்ஸில் வருகிற தனக்கு இது உறைக்கவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பாய்ந்துபோய் மணியை இரண்டு தடவை அழுத்தினாள்.

"ரைட், ரைட்! வண்டி கிளம்பிருச்சு. ஓடுற வண்டியில இறங்கலாமா? கண்டக்டரே இப்படிச் செஞ்சா எப்படிங்க?"

கால் அப்படியே நின்றது. தரைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. பெரிய சிஸ்டர் நெருங்கி வர, ஆயா கையைக் காட்டித் தடுத்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு. நீங்க சாஞ்சுக்குங்க."

காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ எங்கம்மா இறங்கணும்?"

அவளுடைய வேலை நேரம் முடிந்து அரைமணி ஆகியிருந்தது.

"கடைசி ஸ்டாப்புங்க."

"அப்ப ஏன் நிக்கிற? உக்காரு."

துணியை அலமாரிமேல் வீசிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கதவோரக் கட்டிலில் மணி ஒரு தடவை அடித்தது. கண்டக்டர் தலையைத் தூக்கினார். ஆயா எழுவதற்குள், பெரிய சிஸ்டர் ஓடிப்போய் அதை இரண்டு தடவை அழுத்தினார்.