மூன்றாவது விசில்

தாம்பரத்திலிருந்து சேலையூருக்குப் போகும் அந்த ஷேர் ஆட்டோ டிரைவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. காக்கிச் சட்டை, நரைத்த கிருதா, ஹேண்டில்பாரில் சதா தாளம் போடும் விரல்கள். அவர் வண்டியில் சினிமாப் பாட்டு கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கிய எலக்ட்ரானிக் இசைத்தட்டுகளை அவரே வீட்டில் ஒன்றோடொன்று கோத்து, செல்போனில் பதிந்து, பென்டிரைவில் ஏற்றிய தொகுப்புதான் ஓடும். யாராவது மாற்றச் சொன்னால், "அடுத்த வண்டி பின்னாலயே வருது சார்" என்பார்.

என் தொழில் ஒலிப்பதிவு. காது சும்மா இருக்காது. அந்த இசையின் நடுவே ஏதோ மூன்று முறை சீறும். மூன்றாவது அடங்கியதும் டிரம்ஸ் வெடிக்கும். அபாரமான இடம்.

"அது எந்த கீபோர்டுண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வூட்டு குக்கர் சார். ரெக்கார்ட் பண்றப்ப உள்ள பூந்துடுச்சி. மூணாவது விசில் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணி, டிரம்ஸ வுட்டேன்."

"பென்டிரைவைக் குடுங்க, அந்த விசில் சத்தத்தை சுத்தமா எடுத்துத் தரேன்."

கேம்ப் ரோடு சிக்னலில் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு ஆபரேஷனுக்காக மூணு வாரம் ஆஸ்பத்திரிலயே கெடந்தோம் சார். அவள வூட்டுக்கு இட்டுகினு வந்த அன்னிக்கு என் சம்சாரம் வெச்ச மொத சோறு அது. அத எடுத்துட்டா மிச்சம் இன்னா கீது? வெறும் பாட்டு."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்து அடங்கியதும், என் காது டிரம்ஸுக்காகக் காத்திருக்கிறது.