உப்பளத்துக்குக் கொண்டுபோன சம்மதப் படிவம்

ப்ரேமன் நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. ஒருமுறை அங்கே நின்றிருந்த வயதான அம்மாள் ஒருவரை, முகத்தில் விழுந்த வெயில் நன்றாக இருக்கிறதே என்று படமெடுத்துவிட்டேன். "வாரும் இஹ்?" என்றார். ஏன் என்னை என்று கேட்கிறார். அழகாக இருந்தீர்கள் என்றேன். அவர் நம்பவில்லை, போலீஸைக் கூப்பிடட்டுமா என்றார். திருதிருவென்று விழித்தபடி படத்தை அழித்தேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் பயணம் போனாலும் என் பையில் சம்மதப் படிவங்கள் இருக்கும். முதலில் கையெழுத்து, பிறகுதான் படம். அதை ஒரு மரியாதை என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த விடுமுறையில் மரக்காணம் உப்பளத்துக்குப் போவதற்காக அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதி, ப்ரேமனிலேயே அச்சடித்து எடுத்து வந்தேன். எங்கள் கிராமம் அங்கிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் போகிற காலத்தில் ஜன்னல் வழியே வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருக்கிறேன், இறங்கியதில்லை. உப்பு வாருகிறவர்களின் முகம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வெட்கமும் சேர்ந்துதான் என்னைக் கேமராவோடு அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நம் ஆட்கள்தானே என்ற தைரியத்தில் வரிசையையும் மாற்றிக்கொண்டேன். முதலில் படம், பிறகு படிவம்.

காலை ஏழு மணிக்கே பாத்திகளில் வேலை பாதி முடிந்திருந்தது. அஞ்சலை என்ற பெண் கூடையை இறக்கிவிட்டு முகம் துடைத்தபோது, எடுக்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நின்றார். நல்ல படம். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்து நின்றார்கள். எல்லாம் முடிந்து பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மேஸ்திரி தேவராசு படிவத்தை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "எனது படத்தை எங்கும், எக்காலத்திலும் பயன்படுத்திக்கொள்ள முழு உரிமை தருகிறேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது, பத்திரம் மாதிரியே இருக்குது?"

"படத்துக்கு மட்டுந்தாங்க."

"எங்க மனைய ஏமாத்தி எழுதி வாங்கினப்பவும் இப்படித்தான் சார். போட்டோ புடிச்சாங்க, கையெழுத்து வாங்கினாங்க, மனை போயிடுச்சி. இப்ப இந்த உப்பளத்தயே எவனோ கம்பெனிக்காரன் வளைக்கப் பாக்குறான்னு பேச்சு இருக்குது. எழுதிக் குடுத்துட்டீங்கன்னு நாளைக்கு வெளிய தள்ளினா, நாங்க பொழப்புக்கு எங்க போறது? உங்கள அனுப்பினது யாரு?"

"யாரும் அனுப்பலைங்க. நான் இந்த ஊருப் பக்கந்தான்."

"அப்ப ஆதார் காட்டுங்க."

என்னிடம் ஆதார் இல்லை. இருந்தது ஜெர்மன் கடவுச்சீட்டு. அதை எடுத்ததும் கேட்டவருக்குக் கோபம்கூட வரவில்லை, நினைத்தது சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். எனக்குத்தான் கோபம் வந்தது. பிறந்த மண்ணில் என்னைச் சோதனை போடுகிறார்களே என்று பொருமினேன். இவர்களை எனக்கு எதிராக யாராவது கிளப்பிவிட்டிருப்பார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அதே நேரம் படிவத்தை இன்னொருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்தேன். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அழிக்கச் சொன்னார்கள். அஞ்சலையின் முகம் வந்ததும் அவர், "இருங்க" என்றார். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது." கூடையை எடுத்துக்கொண்டார். "அழிச்சிடுங்க." அழித்தேன்.

தேவராசு விடவில்லை. கடவுச்சீட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, தன் போனில் என்னை ஒரு படம் எடுத்துக்கொண்டார். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மதியம் சித்தப்பா மகன் செந்திலிடமிருந்து வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. மரக்காணத்துக் குழு ஒன்றில் போட்டிருந்தார்களாம். "இந்த ஆள் போட்டோ எடுத்துக் கையெழுத்து கேட்கிறார், யாரும் போடாதீர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே செந்தில், "அண்ணே, இது நீங்கதானே?" என்று கேட்டிருந்தான். உடனே கூப்பிட்டேன்.

"நம்ம ஆளுன்னு குரூப்ல சொல்லிட்டியாடா?"

"இன்னும் சொல்லலண்ணே. நீங்க மொதல்ல என்கிட்ட உண்மையச் சொல்லுங்க. யாருக்காக எடுத்தீங்க?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் உப்புக் குவியல்கள், முன்னால் கழுகு முத்திரை போட்ட கருஞ்சிவப்புப் புத்தகம், நடுவில் வெயிலில் கண் கூசி நிற்கும் ஓர் ஆள். பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகமாக இருந்தது, இவனை யார் அனுப்பியிருப்பார்கள் என்று.