அடைப்பானில் சிக்கிய துண்டு

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. நடுநடுவே கொஞ்சம் இழுத்துவிடுவேன். இழுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் நீலக்கை அண்ணன் பதினெட்டு வருஷம் விமானக் கக்கூஸ் வண்டி ஓட்டினார். போவதெல்லாம் ஆகாயத்திலேயே கொட்டிவிடும் என்று நம்புகிற படித்தவர்கள் இன்னும் உண்டு. கொட்டாது. விமானத்தின் வயிற்றில் ஒரு தொட்டியில் சேரும். இறங்கியதும் அண்ணன் அடியில் நின்று மூடியைத் திறந்து, குழாயை மாட்டி, பிடியை இழுப்பார். முந்நூறு பேர் தின்றது வண்டிக்குள் போகும். பிறகு தொட்டியைக் கழுவி நீல மருந்து ஏற்றுவார். கையுறை வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் தருவார்கள். அதனால் கையெல்லாம் நீலம் ஏறிப்போச்சு; பேரன்கூட அவர் முகத்தைப் பார்க்கமாட்டான், கையைத்தான் தடவிப் பார்ப்பான்.

அன்றைக்கு மூடியைத் திறந்ததும், குழாயை மாட்டுமுன்பே, மொத்தமும் அவர் தலையில். நான் கடல் என்பேன். நீங்கள் நாலு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்குக் கூடப் போன ஒல்லி தள்ளி நின்று தப்பித்தான். உள்ளே, தொட்டியின் வாயை அடைக்கிற அடைப்பான் மூடாதபடி ஒரு துண்டு சிக்கியிருந்தது. முன்வரிசைச் சீமான்களுக்கு மட்டும் சுடச்சுடக் கொடுக்கிற, முகம் துடைக்கும் துண்டு.

விமானம் இருபது நிமிஷம் தாமதம். மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் வேலை போகும். அண்ணன் குளித்துவிட்டு வருகிறேன் என்றார். முதலில் கையெழுத்து என்றார்கள்.

அண்ணன் துண்டை எடுத்துத் தாள்மேல் போட்டார்.

"இதை உள்ளே போட்டவன் கையெழுத்துப் போடட்டும் சார். உங்க எல்லாரோடதையும் சுமந்தேன். இந்தப் பொய்யையுமா சுமக்கணும்?"

மேற்பார்வையாளர் ஏழடி எகிறினார். சரி, மூன்றடி. துண்டு குப்பைக்குப் போனது, புதுத் தாள் வந்தது. அண்ணன் போடாவிட்டாலும், பார்த்த சாட்சி ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கிடைத்தார். மறுநாள் அண்ணனின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நேற்று எங்கள் ஊழியர் ஓய்வறையில் நான் இதைச் சொன்னபோது இதுவரைக்கும் சிரிப்புதான். சாட்சி என்றதும் ஒல்லி டம்ளரைக் கீழே வைத்தான்.

"என்னைத்தானே குத்துறே? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

விமானம் கூட்டுகிற அக்கா எழுந்தாள். "துண்டை நீ பார்த்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லுடா."

"பார்த்தேன். அதுக்கு? அவரோட நானும் வீட்டுல உட்காரணுமா?"

அக்கா அவன் சட்டையைப் பிடித்தாள். பெஞ்சு சாய்ந்தது. பாதிப் பேர் அவள் பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம் பாய்ந்தார்கள்.