அமாவாசையில் தறி காட்டப் போனவன்

உங்களிடம் ஒரு கேள்வி. பட்டுத் தறியைப் பார்க்கவென்றே இருபத்திரண்டு பேரைச் சென்னையிலிருந்து வரவழைத்து, ஊரில் ஒரு தறிகூட ஓடாத நாளாகப் பார்த்து இறக்கிவிட்ட ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். தினமும் பல் விளக்கும்போது கண்ணாடியில்.

போன வருஷம், மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. இடம் ஆரணி. வேறு யாருடைய ஊரோ இல்லை, என் சொந்த ஊர். அதுதான் கடுப்பே.

விஸ்காம் முடித்துவிட்டு சென்னையில் ஒரு ஈவென்ட் கம்பெனியில் ஒரு வருஷம் குப்பை கொட்டினேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ புகை மெஷின் பிடிக்கவா படித்தேன் என்று ஒரு நாள் தோன்றியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: ஆரணியில் கலை, கைவினை, சாப்பாடு என்று இரண்டு நாள் நிகழ்ச்சி நடத்துகிறேன், ஓடினால் இங்கேயே இருப்பேன், ஓடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அதே கம்பெனிக்குத் திரும்பிப் போவேன். அறுவடை மும்முரத்தில் இருந்த அப்பா "ம்" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வரப்போகிறவர்களில் ஒரு மேடம் முக்கியம். மாதாமாதம் ஒரு கும்பலை வெளியூருக்குக் கூட்டிப் போகும் குரூப் அவருடையது. அவருக்குப் பிடித்துவிட்டால் எனக்கு மாதம் ஒரு பேட்ச் நிச்சயம். அவருக்காகவே போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டேன்: தறிச் சத்தம் கேட்க ஆரணிக்கு வாங்க.

பிறகு ஆரம்பித்தது பேஜார்.

வேன்காரரைக் கூப்பிட்டால், அன்றைக்கு அமாவாசை, எல்லா வண்டியும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு புக் ஆகிவிட்டது என்றார். சரி, வாடகை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்து வேலூரில் ஒரு மினி பஸ் பிடித்தேன். தெருக்கூத்து வாத்தியாரிடம் பகலில் இருபது நிமிஷம் ஆடிக் காட்டச் சொன்னேன். வேஷம் கட்டவே இரண்டு மணி நேரம் ஆகும், அதோடு அமாவாசைக்கு எங்கள் செட்டே மலையனூர் பக்கம் போய்விடும் என்று போனை வைத்துவிட்டார். கூத்தை லிஸ்டிலிருந்து தூக்கினேன். பிரியாணி மாஸ்டர் எல்லாருக்கும் மேலே போனார்.

"அமாவாசைல கறியா? நானே வாய்ல வெக்க மாட்டேன், உனுக்கு ஆக்கிப் போடணுமா?"

மெனு சைவமானது. இத்தனை பேர் இத்தனை தடவை 'அமாவாசை, அமாவாசை' என்று காதில் ஊதியும் என் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ப்ரொஃபஷனலிசம் கிடையாது.

தறி விஷயத்தில் மட்டும் எனக்குக் கவலையே இல்லை. என்னோடு ப்ளஸ் டூ வரை படித்தவள் ஒருத்தி, பி.காம் முடித்துவிட்டு வீட்டிலேயே அப்பாவோடு பட்டு நெய்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை வீட்டில் இருப்பாயா என்றேன், இருப்பேன் என்றாள். அப்பா? அவரும் இருப்பார். இருபத்திரண்டு பேர் தறியைப் பார்க்க வரலாமா, சமையல்காரர் உங்கள் பின்கட்டில் அடுப்பு போடலாமா? வரட்டுமே, அன்றைக்கு ஃப்ரீயாகத்தான் இருக்கிறோம் என்றாள். ஷீட்டில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடித்தேன். முழு ஷீட்டிலும் அது ஒன்றுதான் பச்சை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மினி பஸ் தெருமுனையில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். நானும் தீட்டினேன். எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. ஒரு பைக் போனது. அவ்வளவுதான். எந்த நேரம் போனாலும் சடக் சடக் என்று இரண்டு பக்கமும் சத்தம் வருகிற தெரு, பரீட்சை ஹால் மாதிரி கிடந்தது.

அவள் வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். தனியாக ஓரம் கட்டி, ஏன் தறி ஓடவில்லை என்று கேட்டேன்.

"இன்னாடா கேக்கற? அமாவாசைல எவன்டா தறி போடுவான்?"

"வாங்கன்னு சொன்னியே!"

"வீட்ல இருப்பியான்னு கேட்ட, இருப்பேன்னேன். ஓட்டுவியான்னு கேட்டியா? நீ ஆரணிக்காரன் தான? நம்ம கிளாஸ்ல பாதி பேரு நெசவுக்காரன் புள்ளைங்க. அமாவாசை ஆனா எங்க அப்பாங்க எல்லாம் ஸ்கூல் கேட்ல வந்து நின்னுகினு இருப்பாங்களே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதுதான் கொடுமை. மற்ற நாளில் ஒருவர்கூட வர மாட்டார்கள், அந்த ஒரு நாள் மட்டும் வெள்ளைச் சட்டையில் கும்பலாக வந்து நிற்பார்கள். வயலிலிருந்து என் அப்பா ஒரு நாளும் வந்ததில்லை என்று அவர்களைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். வயிறெரிந்தேனே தவிர, ஏன் அந்த நாள் என்று யோசித்ததே இல்லை.

கெஞ்சினேன். பத்தே நிமிஷம், வீடியோவுக்குச் சும்மா ஓட்டுகிற மாதிரி நடி என்றேன். மாட்டேன் என்றாள். சாமி கோபித்துக்கொள்ளாது, மேடம்தான் கோபித்துக்கொள்வார் என்று ஜோக் வேறு அடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "சாமிக்குன்னு நெனச்சிகினு கீறியா? காலுக்குடா. மத்த நாளெல்லாம் காலு தறிக் குழியில தான் கெடக்குது. இன்னிக்கு ஒரு நாளு தான் வெளிய கீது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வா, ஓட்டறேன்."

நாளைக்குக் காலை படவேட்டில் வாழைத்தோப்பு ப்ரோக்ராம். என் ஷீட் அப்படிச் சொன்னது. அவள் வடைக்கு மாவு அரைக்க உள்ளே போனாள். அவள் அப்பா மொட்டை மாடியில் படையலுக்கு இடம் கழுவிக்கொண்டிருந்தார். முன்கட்டில் நானும், இருபத்திரண்டு பேரும், பாதி நெய்த மெரூன் புடவையோடு ஒரு தறியும்.

இங்கேதான் என் மகத்தான மூளை வேலை செய்தது. காலேஜில் ஒரு நாள் வொர்க்‌ஷாப்பில் தறி ஓட்டியிருக்கிறேன். என்ன பெரிய விஷயம்? மிதிக்கணும், கயிற்றை இழுக்கணும், பலகையை அடிக்கணும். "நானே டெமோ காட்டறேன்" என்று சொல்லிவிட்டுக் குழியில் இறங்கி உட்கார்ந்தேன். பத்து போன்கள் என்னை நோக்கித் தூக்கிப் பிடிக்கப்பட்டன. மிதித்தேன். இழை இரண்டாகப் பிரிந்தது. கயிற்றை இழுத்தேன். ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஓடும் நாடா, பறந்து அந்தக் கடைசிக்குப் போகாமல் நடுவிலேயே நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலை எடுத்தேன், பலகையை இழுத்து ஓங்கி அடித்தேன்.

பட்பட்பட்.

கையில் மாவோடு அவள் ஓடி வந்தாள். நாடா சிக்கிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அங்கங்கே இழை அறுந்து, முடி மாதிரித் தொங்கியது. மாடியிலிருந்து இறங்கிவந்த அவள் அப்பா என்னைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், மறுபடி மாடிக்கே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"இன்னும் பத்து நாள்ல கல்யாணம்" என்று மட்டும் அவள் சொன்னாள். அவளுடையது இல்லை, அந்தப் புடவைக்காரப் பெண்ணுடையது. இப்போதே சரி செய்ய முடியாதா என்று கேட்டேன். கேட்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தறிமேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அன்றைய சித்திரவதை அதோடு முடியவில்லை. அந்த வீட்டில் காக்கைக்கு வைக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. வழக்கமாக வருகிற காக்கை, மாடியில் இருபத்திரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்து நின்றால் வருமா? மணி ஒன்றைத் தாண்டியது. ஐ.டி.யில் வேலை செய்யும் ஒருத்தன், ஆப்பில் ஆர்டர் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று என் காதில் கேட்டான். கடைசியில் அவள் எல்லோரையும் படியில் இறங்கச் சொல்லி விரட்டிய பிறகுதான் காக்கை வந்தது. சாப்பாடு பிரமாதம் என்றார்கள். நான் வாழைக்காயை இலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

மேடம் சாப்பிட்டு முடித்து, துணி போர்த்திய தறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவுதான், சோலி முடிந்தது என்று பழைய கம்பெனி ஹெச்.ஆர். நம்பரை மனதுக்குள் தேட ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படவேட்டை ரத்து செய்தேன். லாட்ஜில் பாதிக்கு மேல் தூங்கிவிட்டார்கள். மேடமும் ஏழெட்டு பேரும் ஆறு மணிக்கு என்னோடு வந்தார்கள். அவள் ஏற்கெனவே குழியில் இறங்கியிருந்தாள். அறுந்த ஒவ்வொரு இழையையும் தேடி எடுத்து, முடி போட்டு, இழையைத் தூக்கி இறக்கும் கண்ணியில் கோத்து, அடுத்தது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அவள் கேட்கும்போது டார்ச் அடித்து நுனியைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. நான் ஒரு நுனியைத் தவறவிட்டால், "புகை மெஷின் புடிக்கற கை தான" என்பாள். கூட வந்தவர்கள் முதலில் வீடியோ எடுத்தார்கள், பிறகு போனை வைத்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அவளும் தலை நிமிராமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பஸ் கிளம்பியிருக்க வேண்டும். டிரைவர் ஹார்ன் அடித்து ஓய்ந்த பிறகு, ஒரு மணி வாக்கில்தான் தறி ஓடியது. போஸ்டரில் நான் விற்ற சத்தம், இரண்டு நாளில் மொத்தம் பத்து நிமிஷம்.

பஸ் ஏறும்போது மேடம் என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார். "அடுத்த மாசம் இன்னொரு பேட்ச் கூட்டிட்டு வரேன். ஆனா தேதியை நீங்க குறிச்சுக் கொடுங்க. இவர் வேண்டாம்."

"இவனா? இவனுக்குக் காலண்டர்ல ஞாயித்துக்கெழம மட்டும் தான் தெரியும்" என்றாள் அவள்.

அந்தப் புடவை கல்யாணத்துக்கு முந்தின வாரமே போய்ச் சேர்ந்தது. நான் கம்பெனிக்குப் போகவில்லை. இதுவரை ஆறு பேட்ச் வந்துவிட்டது. ஆனால் யாருடைய வீட்டு வாசலில் நின்றாலும், அவர்கள் எந்த நாளில் வேலை செய்வார்கள் என்பதற்கு முன்னால் எந்த நாளில் செய்ய மாட்டார்கள் என்றுதான் இப்போதெல்லாம் கேட்கிறேன். அவமானமாகத்தான் இருக்கிறது, சொந்த ஊரில் விசாரித்துக்கொண்டு திரிவது.

அடுத்த பேட்ச்சுக்குத் தேதி கேட்க வந்து, அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். அவள் தூங்குகிறாள். இன்றைக்கு அமாவாசை.