சுவருக்கு வைத்த கதவு

நூலின் ஒரு நுனியை அம்மா கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு நின்றா. மறு நுனியில் வெண்கட்டியைக் கட்டி நான் சீமெந்து நிலத்தில் வட்டம் கீறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பா தோட்டத்தால் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வீட்டுக்குள்ளை கிணறு வெட்டப்போறியே?"

"ஸ்பீக்கர் வைக்கிறதுக்கு அப்பா. வட்டத்திலை அஞ்சு வரும். பிறகு மூலைக்கை அடித்தொனிக்கு ஒரு குண்டுப்பெட்டி."

"பாட்டுக் கேக்க அஞ்சு பெட்டியே! கடவுள் எங்களுக்கு ரெண்டு காதுதானே தந்தவர்?"

எங்கள் வீடு நீர்வேலியில். அந்த அறை முன்பு வாழைக்குலை பழுக்கப்போடும் அறை. இப்போது குலைகளைக் காயாகவே லொறியில் ஏற்றிவிடுகிறார்கள், பழுக்க வைப்பதை வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அறை சும்மா கிடந்தது. முழங்கை நீளத்துக்குத் தடித்த வெள்ளைக்கல் சுவர், ஒரு யன்னல்கூட இல்லை, கூரைக்குக் கீழே புகை பிடித்த கறுப்பு. கொழும்பில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்து இறங்கிய அன்றைக்கே உள்ளே போய் ஒருதரம் கைதட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், பேய் பிடித்ததுபோல் ஆகிவிட்டது எனக்கு. வெளிச்சத்தம் வராத அறையைக் கட்ட ஆட்கள் படாத பாடு படுவார்கள். எனக்கு அதை வாழைக்குலை தந்தது.

எனக்கு வேண்டியது ஒரே அறையில் இரண்டு வேலை. ஒன்று ஸ்டீரியோ: முன்னால் இரண்டு ஒலிபெருக்கி, நடுவில் நான், மூன்றும் ஒரு முக்கோணம். மற்றது சரவுண்ட்: அந்த இரண்டோடு திரைக்குப் பின்னால் ஒன்று, எனக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. எல்லாம் என் தலையிலிருந்து ஒரே தூரம். அதற்குத்தான் வட்டம். திரைக்கு அப்பாவின் பழைய எட்டுமுழ வேட்டியை இழுத்துக் கட்டினேன், சத்தம் அதற்குள்ளால் தாராளமாக வரும். மூலைகளில் சாக்குத் துணி போர்த்த தென்னந்தும்பு மெத்தைகள்.

அப்பாவுக்கு அஞ்சு பெட்டியின் அவசியம் விளங்கவேயில்லை. கடைசியில், "கோயிலுக்குள்ளை நீங்கள் நிக்கேக்கை, சாமி வெளிவீதி சுத்துது. மேளம் எங்கை கேக்கும்?" என்று கேட்டேன்.

"முதல் தெற்காலை, பிறகு பின்னாலை மேற்கு வீதியிலை, அங்காலை வடக்கு... சுத்தித்தானே வரும்."

"அதை ரெண்டு பெட்டியிலை சுத்த விடுங்கோ பாப்பம்."

அப்பா வட்டத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு, "சரி, வெட்டு கிணத்தை," என்று போய்விட்டார்.

முதல் வேலையாக என் சிநேகிதியின் படம் வந்தது. அவள் குருநகர்க்காரி. தன் தகப்பன் கடலுக்குப் போய் வருவதை ஒரு குறும்படமாக எடுத்திருந்தாள். கொழும்பில் ஒரு நல்ல தியேட்டரில் திரையிடப்போகிறார்கள். அங்கே சுற்றிவர ஒலிபெருக்கிகள், ஆகவே சரவுண்ட் வேண்டும். ஊர்ச் சனம் கைபேசியில் பார்க்கும், ஆகவே ஸ்டீரியோவும் வேண்டும். சென்னையில் செய்ய ஓர் இடம் பேசி வைத்திருந்தவளை, "எடி, முதல் என்ரை அறையிலை ஒருக்காக் கேள்," என்று நான்தான் மறித்தேன். அவள் இங்கே செய்தால் இனி வருகிறவர்களும் இங்கே வருவார்கள். அவள் சென்னைக்குப் போனால் நான் கலியாணவீட்டு வீடியோவுக்குப் பாட்டுச் சேர்க்கிற ஆள்தான்.

ஸ்டீரியோ அற்புதமாக இருந்தது. தகப்பன் கதைக்கும் இடத்தில் குரல் வேட்டியின் நட்டநடுவில் நின்றது. அவள் என் முதுகில் ஒரு அடி போட்டாள், சந்தோசத்தில்.

பிறகு சரவுண்ட். விடியப்புறம் வள்ளம் ஒன்று பார்ப்பவரைச் சுற்றிக்கொண்டு போகும் காட்சி. எஞ்சின் சத்தம் இடப்பக்க முன்னாலிருந்து கிளம்பி, பக்கத்தால் முதுகுப்புறம் போய், வலப்பக்கத்தால் திரும்பி வரவேண்டும். கிளம்பியது. என் இடது தோளைத் தாண்டியதும் வள்ளம் பீப்பாவுக்குள் விழுந்ததுபோல் ஒரு உறுமல். முதுகுக்குப் பின்னால் போனதும் தானாகக் கரையேறியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அப்பான்ரை வள்ளத்துக்கு என்னடி நடந்தது? தண்ணிக்குள்ளை தாண்டுபோச்சா?"

காரணம் தேட நெடுநேரம் எடுக்கவில்லை. இடப்பக்க ஒலிபெருக்கிக்குப் பின்னால் அறைவாசல். சுவர் தடிப்பு என்பதால் கதவு நிலை சுவரின் நடுப்பகுதியில் இருக்க, உட்பக்கம் ஆள் ஒடுங்கி நிற்கக்கூடிய ஒரு குழி. பலாமரக் கதவோடு சேர்த்து அது சத்தத்தைப் பிடித்து உறுமும் ஒரு பெட்டி. வலப்பக்கத்தில் அதே இடத்தில் வெறும் கல். முன்னால் இரண்டே ஒலிபெருக்கி வேலை செய்தபோது இந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை. ஐந்தும் பாடத் தொடங்க, அறை தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கதவில் தும்பு மெத்தை அடித்துப் பார்த்தேன். கீச்சு அடங்கியது, உறுமல் அசையவில்லை.

"வாசலை அடைச்சிட்டுப் பின்சுவரிலை நடுவாலை வைப்பம் அப்பா," என்றேன்.

அப்பா கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நாள் பாத்து, தேங்காய் உடைச்சு வச்ச நிலை. உந்த நிலையைப் பிடுங்கிறதெண்ட கதையை இந்த வீட்டிலை எடுக்காதை."

அந்தக் குரலோடு வாதாட முடியாது. அன்று பின்னேரம் முழுக்க அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இடப்பக்கத்து வாசலை எடுக்க முடியாவிட்டால் வலப்பக்கத்துக்கும் ஒரு வாசலைக் கொடுத்தால் என்ன? அதே அளவுக் குழி, அதே பலாமரம், அதே கதவு. அங்காலே மிச்சச் சுவர். உறுமுவதானால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உறுமட்டும். ஒரே மாதிரி என்றால் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கலாம், நான் ஒலியைத் திருத்தும்போது பக்கம் சாயாது. வீதிக் கேட்டடியில் நின்ற அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் விரலை மடக்கத் தொடங்கினார். வீட்டுக் கதவுகளை எண்ணுகிறாராம். "இப்ப இரட்டையா இருக்கு. நீ ஒண்டு கூட்டினால் ஒற்றையாப் போகும். வீட்டுக்குக் கூடாது."

"அது கதவில்லையப்பா. அதாலை ஒருத்தரும் போகேலாது."

"கதவில்லையெண்டால் என்னத்துக்குக் கதவு மாதிரிச் செய்யிறாய்?"

"சத்தத்துக்கு அது கதவு. ஆக்களுக்குச் சுவர்."

"சாத்திரத்துக்கு?"

உள்ளே மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மாதான் குரல் கொடுத்தா. "இஞ்சாருங்கோ, உந்த மோட்டர் அறை எத்தினை வரியமாக் கதவில்லாமல் ஆவெண்டு கிடக்குது? அதுக்கும் ஒண்டைப் போடுங்கோவன். கணக்கு இரட்டையாகும், நாயும் உள்ளுக்கை போய்ப் படுக்காது."

எனக்கு அம்மாவைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. வீட்டின் பின்சுவரோடு ஒட்டியிருக்கும் அந்த மோட்டர்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது. அது ஓடும்போதெல்லாம் கதவு இல்லாததால் என் அறைவரை ஒரு மெல்லிய இரைச்சல் வரும், அதற்கு என்ன செய்வதென்று வேறு யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவுவேலைக்கு வந்த ஓடாவியார் அளவெடுத்துவிட்டுக் கேட்டார். "உள்ளுக்குத் திறக்கிறதோ, வெளியிலை திறக்கிறதோ?"

"உள்ளுக்கு. வெளி இல்லை."

"வெளி இல்லையெண்டால்?"

"சுவர்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை," என்றார் அப்பா, வேறு என்ன சொல்ல என்பதுபோல்.

ஆனால் நிலை வைத்த காலை அப்பா எதையும் குறைக்க விடவில்லை. நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, அம்மா தன் காதுத் தோட்டிலிருந்த ஒரு சின்னக் கல்லை நிலைக்கு அடியில் வைத்தா. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நான் அதைப் படம் எடுத்துச் சிநேகிதிக்கு அனுப்பினேன். "விசரி, குடும்பத்தோடை விசர் பிடிச்சுப்போச்சு," என்று பதில் வந்தது. மோட்டர் அறைக் கதவுக்கும் அதே மரியாதை நடந்தது, நாய் மட்டும் தள்ளி நின்று முறைத்தது.

கதவுகள் இரண்டுக்கும் உள்ளே ஒரே மாதிரித் தும்பு மெத்தையும், குழியின் இரு ஓரங்களிலும் சாய்வாகப் பலகைகளும் வைத்து, ஒலிபெருக்கி ஒவ்வொன்றாக அளந்து திருத்தினேன். பிறகு அவளை வரச் சொன்னேன். தனியே வரவில்லை, தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "அவரின்ரை எஞ்சின். அவர் சொல்லட்டும்," என்றாள்.

விளக்கை அணைத்தேன். நடுக் கதிரையில் அவர், பின்னால் நாங்கள். வேட்டியில் கடல் விடிந்தது. எஞ்சின் இடப்பக்கத்தால் கிளம்பித் தோளைத் தாண்டியது. விழவில்லை. முதுகுப்புறத்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் வலப்பக்கத்தால் திரும்பி வந்தது. அவள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அவர் தலையை மெல்ல மெல்லத் திருப்பி வள்ளத்தோடேயே போய் வந்தார்.

படம் முடிந்ததும் எழும்பினார். பிடரியைத் தடவிக்கொண்டு, "வாறன், ஒரு சுருட்டுப் பத்திட்டு," என்று அந்த அரை இருட்டில் நேரே போய் வலப்பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். ஒரு எட்டு வைத்தார். வெள்ளைக்கல்லில் நெற்றி முட்டியது.

"என்ன பிள்ளை, கதவுக்குள்ளை சுவரெல்லே வச்சிருக்கிறாய்!"

அவள் நிலத்தில் குந்திச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. "ஐயோ அங்கிள், மற்றப் பக்கம்," என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மற்றப் பக்கமும் இதுபோலைதானே கிடக்கு. எப்பிடித் தெரியும்?" என்றார் அவர், நெற்றியைத் தடவியபடி. கோபமில்லை.

"கேட்டியாடி?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "கடல் முழுக்கத் திசை பாத்துப் போற மனுசன். இந்த அறைக்குள்ளை வலமும் இடமும் தெரியேல்லையாம். சென்னைக்காரருக்கு நாளைக்கே சொல்லுறன், வரேல்லையெண்டு."

வெளியே அம்மா தேத்தண்ணியோடு நின்றா. நடந்ததைக் கேட்ட அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. "நாள் பாத்து வச்ச நிலையெல்லே, கதவுதானே," என்று சொல்லிவிட்டு, விருந்தாளிக்குக் கொடுத்துவிட ஒரு கதலிக்குலை வெட்டத் தோட்டத்துக்குள் இறங்கினார்.