பொருந்தாத ஸ்டியரிங் கம்பி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு கார் நெடுநாளாக என்ஜின் இல்லாமல் நின்றது. அம்மாவின் தம்பியான என் மாமாவின் கார் அது. வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் நடுவழியில் என்ஜின் உயிரை விட்டது. அதன் பிறகு அது எனக்கு விளையாட்டு வீடு, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் பிரசவ அறை. மாமாவுக்கு மட்டும் அது இன்னும் கார்தான்.

ஒருநாள் மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து அப்பாவிடம் ஏதோ கேட்டார். கேட்டது என் காதில் விழவில்லை, அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான் விழுந்தது. "முதல்ல வண்டி ரோட்டுல ஓடட்டும் மச்சான், அப்புறம் பேசலாம்." கதவோரம் நின்றிருந்த அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். எங்களையெல்லாம் காரில் கூட்டிப்போகத்தான் மாமா கேட்கிறார் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரமே பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வீணாகக் கிடந்த ஒரு லோரியின் என்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மூங்கில் கட்டி, சங்கிலி போட்டு, கூட்டாளிகள் கூச்சல் போட்டு, என்ஜினைக் காருக்குள் உட்கார வைத்தாயிற்று. ஆனால் ஸ்டியரிங் கம்பி இறங்கவேண்டிய இடத்தில் லோரியின் புகைக்குழாய் காலை நீட்டிக்கொண்டு நின்றது. கம்பியை இறக்கினால் குழாய் இடித்தது, குழாயை நகர்த்தினால் என்ஜின் உட்கார மறுத்தது.

தினமும் சாயங்காலம் அத்தை என் கையில் கோப்பியைக் கொடுத்தனுப்புவாள். "கம்பி பொருந்திடுச்சான்னு உங்க மாமாகிட்ட கேட்டுட்டு வா." நான் போய்க் கேட்பேன். "நாளைக்குப் பொருந்திடும்னு சொல்லு" என்பார் மாமா. கோப்பி ஆறிப் போகும்.

இதற்கிடையில் கிள்ளானிலிருந்து ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் வீட்டார் வந்து அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பியின் அடியில் முன்சக்கரங்களைத் திருப்பிவிடும் இரும்புப் பெட்டியைக் கழற்றி, தலைகீழாகப் புரட்டி மாட்டினார். கம்பி குழாயைத் தொடாமல் இறங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, சலவைச் சட்டை போட்ட அப்பாவை முன்னால் உட்காரவைத்து, மாமா வாயெல்லாம் பல்லாகக் கிளம்பினார். நேரே போகும் தெருவில் எங்கும் திரும்பும் முன்பே குறுக்கே ஓர் ஆடு வந்தது. மாமா ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். கார் வலப்பக்கம் திரும்பி, அப்பாவோடு தெருவோர லோங்காங் சாக்கடையில் இறங்கியது. பெட்டியைப் புரட்டினால் திசையும் புரளும் என்பதை அவசரத்தில் யாருமே யோசிக்கவில்லை.

"பழகிட்டா சரியாப் போயிடும்லா அக்கா!" என்றார் மாமா, அம்மாவிடம்.

"நீ பழகிக்குவ, ஆடு பழகுமா?"

தெருவே சிரித்தது. சட்டையெல்லாம் சாக்கடைத் தண்ணீராக எழுந்துவந்த அப்பாவும், அத்தையும் சிரிக்கவில்லை. அந்த வாரமே கிள்ளானுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார் அப்பா.

மாமா அந்தக் கார் வேலையை விட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ பெட்டியை மறுபடி நேராக மாட்டினார். ஸ்டியரிங் கம்பியை இரண்டாக அறுத்து, அந்த லோரியின் சாமான்களில் கிடந்த, மடங்கும் இரும்பு மூட்டு ஒன்றை நடுவில் வைத்து, சீனர் பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவந்தார். முழங்கை மடங்குவதுபோல மடங்கி, கம்பி குழாயை ஒதுங்கிப் போயிற்று. இடப்பக்கம் ஒடித்தால் கார் இடப்பக்கமே போனது.

நான் மூச்சிரைக்க ஓடிப் போய், "அத்தை, பொருந்திடுச்சு!" என்று கத்தினேன். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லோங்காங்கை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணி, "இப்ப நேராத்தான் போகுது அத்தை" என்று தைரியம் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிள்ளானுக்குக் கொண்டுவிட, ரயில்வே பாஸ் இருக்கிறது, ரயிலே போதும் என்றார் அப்பா. மாமாதான் பிடிவாதமாகத் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் ஒரு குலுக்கல் இல்லை. "வண்டி ஜோரா போகுதே!" என்றார் புது மாப்பிள்ளை. மாமா திரும்பிப் பார்க்காமல், "நல்லாப் பொருந்திடுச்சு சார்" என்றார். அத்தை ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது காரில் நாங்கள் இரண்டே பேர். எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன். "மாமா, இதே மாதிரி முதல்லயே அறுத்து ஒட்டியிருக்கலாம்ல?"

மாமா சாலையையே பார்த்தபடி ஓட்டினார். லோரி என்ஜின் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் காதருகே போய் இன்னும் உரக்கக் கேட்டேன்.