நாலாம் தேதி நடந்த ஆபரேஷன்

திரைச்சீலை தைக்கும் அந்தக் கம்பெனியில் துணி வெட்டும் நீள மேஜை இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கிறது. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்குவதால் அவருக்கு டேப் அக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூப்போட்ட துணியில் இரண்டு பாகங்களை இணைத்தால் இந்தப் பக்கத்து இலை அந்தப் பக்கத்துக் காம்போடு பிசகாமல் சேர வேண்டும். அக்கா வெட்டினால் சேரும். ஆனால் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அவருடைய கணவர் அவருக்கும் சேர்த்துப் பேசுகிற ஆள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். "பிரேக்கு, பிரேக்கு, பிரேக்கு!" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவதுதான் தொழில். வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகை பேசுவது, மகள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் மன்றாடுவது, பேங்கில் சண்டை போடுவது, ராங் நம்பரில் வந்தவரிடம் அரை மணி நேரம் நலம் விசாரிப்பது எல்லாம் அவர்தான். கல்யாணமாகி முப்பது வருடத்தில் வெளியாள் எவரிடமும் வாதாட வேண்டிய நிலைமை அக்காவுக்கு வந்ததே இல்லை.

போன வருடம் மாஸ்டரின் குரல் கம்ம ஆரம்பித்தது. கத்திக் கத்தி வந்த வினை என்று எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. குரல்வளையில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார். அக்காவின் கம்பெனி இன்சூரன்ஸில் கணவருக்கும் சேர்த்தே பாதுகாப்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி முன் அனுமதி கேட்டார்கள். பதினெட்டாம் தேதி அனுமதிக் கடிதம் வந்தது. இருபத்தேழாம் தேதி ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

அன்று காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தார்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி. கெட்டுப்போய்விட்டது, அடுத்த மாதம் நாலாம் தேதி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சு. இன்னும் ஒரு வாரம் வாயைத் தொறந்து வெச்சுக்கலாம்," என்று மாஸ்டர் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஒரு வாரத்துக்குள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து இன்சூரன்ஸ் வேறொரு நிறுவனத்துக்கு மாறுகிறது. எல்லாச் சலுகைகளும் அப்படியே தொடரும். புது அட்டையை ஆபீஸில் வாங்கிக்கொள்ளவும். அக்கா வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

நாலாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குக் கிளம்பினாள். மாஸ்டர் முதல் நாளே பதினாலு பக்கம் எழுதித் தள்ளினார். பத்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. மாஸ்டர் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'அப்பாடா' என்று எழுதி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இரண்டு நாள் கழித்து பில் வந்தது.

இன்சூரன்ஸ் மறுத்துவிட்டதால் முழுத் தொகையையும் நோயாளியே கட்டவேண்டும் என்று அதில் இருந்தது. அக்காவின் நாலு மாதச் சம்பளம். பழைய நிறுவனம், போன மாதத்தோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று கைகழுவியிருந்தது. புது நிறுவனம், எங்களிடம் முன் அனுமதி வாங்கவில்லை என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி இரண்டு கடிதங்களையும் பில்லோடு பின் குத்தி அனுப்பிவிட்டது.

மாஸ்டர் பில்லைப் படித்தார். முகம் சிவந்து வாயைத் திறந்தார். அக்கா சட்டென்று எழுந்து உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"வேணாங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு நோட்டை இழுத்தார். *இண்டிகேட்டர் போடாம திரும்பிட்டு நம்ம மேல வந்து மோதுறானுங்க. நான் மட்டும் பேசினா* என்று எழுதி நிறுத்தினார். பிறகு அதன் கீழே சின்ன எழுத்தில் *மன்னிச்சுடு* என்று எழுதினார்.

"எதுக்கு மன்னிப்பு? முப்பது வருஷமா எனக்காக நீங்க பேசுனீங்க. அதுக்கு நான் கூலி குடுத்தேனா?" என்றார் அக்கா. "நானே பேசுறேன். எழுதிக் குடுங்க."

மாஸ்டர் எழுதிக்கொடுத்தார், மூன்று பக்கம். எங்கே குரலை உயர்த்தவேண்டும், எங்கே மேனேஜரைக் கூப்பிடச் சொல்லவேண்டும், எங்கே 'கோர்ட்டு' என்ற சொல்லைப் போடவேண்டும் என்று சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். அடுத்த நாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புது நிறுவனத்துக்கு போன் போட்டார். எதிரே மாஸ்டர். அக்கா எழுதியதை அப்படியே வாசித்தார். கோர்ட்டுவரை வாசித்தார். அந்தப் பக்கத்துப் பெண், "உங்க பாலிசி எண் சொல்லுங்க மேடம்" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நோட்டில் இல்லை. அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. போனை வைத்துவிட்டார்.

மாஸ்டர் எழுந்து டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாள் வண்டியை நிறுத்திவிட்டு அழுவார்களாம். அவர்களுக்கு என்ன சொல்வாரோ அதையே எழுதிக் காட்டினார்: *அவசரமே இல்ல. மறுபடி ஸ்டார்ட் பண்ணு.*

இரண்டாவது தடவை அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டார். பாலிசி அட்டை, பில், கடிதங்கள் மட்டும் முன்னால் இருந்தன. இந்தத் தடவை வேறொரு பெண் எடுத்தாள். அக்கா நடந்ததைத் தேதி தேதியாகச் சொன்னார். மொத்தமே ஆறு வாக்கியம்.

"முன் அனுமதி இல்லாததால எங்களால எதுவும் செய்ய முடியாதுங்க மேடம்," என்றாள் அவள்.

அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் போனையும் வைக்கவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

"வேற எதுவும் வேணாம். இதே உதவிதான் வேணும்."

அக்கா கடிதங்களை அடுக்கி வைத்தபடி காத்திருந்தார். மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. மேஜையில் விரலால் தட்டினார். அக்கா அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு விஷயம் மேடம்," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "ஒரு கம்பெனி எங்ககிட்ட மாறி வரும்போது, பழைய இடத்துல அனுமதி வாங்கின சிகிச்சை பாக்கி இருந்தா, அதை நாங்க ஏத்துக்கற மாதிரி ஒரு விதி சில ஒப்பந்தத்துல இருக்கும்."

"எங்க ஒப்பந்தத்துல இருக்கா?"

"அதைத் தேடித்தான் பாக்கணும். கொஞ்ச நேரம் ஆகுங்க."

"பாரும்மா. நான் இருக்கேன்."

பதினோரு நிமிடம் ஒரே ட்யூன் ஓடியது. மாஸ்டர் அந்த ட்யூனுக்குத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் அவள் வந்தாள். "இருக்குங்க மேடம். மாறின தேதியிலேர்ந்து முப்பது நாளுக்குள்ள நடந்த சிகிச்சைக்குச் செல்லும். ஆனா பாக்கி இருக்கறவங்க பட்டியலை உங்க ஆபீஸ் குடுத்திருக்கணும். அதுல உங்க வீட்டுக்காரர் பேர் இல்ல."

கம்பெனியில் இந்த வேலையெல்லாம் பார்ப்பது ஆபீஸ் தம்பி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். மறுநாள் காலை அக்கா போய் அவர் மேஜை முன்னால் நின்றார்.

"எல்லாம் சர்க்குலர்ல போட்டிருந்தோமேக்கா," என்றார் தம்பி, தலை நிமிராமல்.

"போட்டிருந்தீங்க. எல்லாச் சலுகையும் அப்படியே தொடரும்னு."

"அது பொதுவாப் போடறதுக்கா."

"எனக்குப் பொதுவா ஆபரேஷன் நடக்கலியே தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு நடந்துச்சு."

தம்பி பழைய மின்னஞ்சல்களைத் தேடினார். ஓரிடத்தில் அவர் கை நின்றது. புது நிறுவனம் அந்தப் பட்டியலைக் கேட்டு இரண்டு தடவை எழுதியிருந்தது. அவர் பார்க்கவே இல்லை. அவர் முகம் வெளுத்துப்போனதை அக்கா கவனித்தார். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடுமோ என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

"எப்படி ஆச்சுன்னு நான் யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல," என்றார் அக்கா. "எனக்கு லெட்டர் வேணும். பட்டியல்ல விட்டுப்போச்சு, சேத்துக்கோங்கன்னு. இன்னிக்கே."

அன்று சாயங்காலமே கிடைத்தது. தம்பியே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, வெட்டும் மேஜைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்தது ஆஸ்பத்திரி. தேதியைத் தள்ளிப்போட்டது அவர்கள்தான் என்று எழுதி வாங்கவேண்டும். இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மா, டாக்டர் கையெழுத்துக்கு இரண்டு நாளாகும் என்றார். அக்கா சரி என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டர் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், மூன்றாவது தடவை, "இன்னுமா போகல?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள்னு சொன்னீங்களே. அதுல கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கறேன்," என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மா சலித்துக்கொண்டே காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தார்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ஏற்க இயலாது.

மாஸ்டர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். இதற்குள் டாக்டர் அவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் மட்டும் பேச அனுமதி கொடுத்திருந்தார். தகரத்தில் ஆணி கிழிக்கிற மாதிரி ஒரு குரல். "விட்டுடலாம்," என்றார். "பாப்பாகிட்ட கேக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா கட்டிடலாம். நீ எளைச்சுப் போயிட்டே."

மகள் ஏற்கெனவே இரண்டு தடவை தானே கட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அக்கா மறுப்பாகத் தலையை ஆட்டினார். "கட்ட வேண்டியதா இருந்தா கட்டலாம். ஏன்னு தெரியாம எப்படிக் கட்றது?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு, வெட்டும் மேஜையைத் துடைத்துவிட்டு அனுமதிக் கடிதத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். இரண்டு பாகத் துணியைப் பார்ப்பதுபோல வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பெயர் சரி. வயது சரி. சிகிச்சை சரி. பத்தாவது வரியில் விரல் நின்றது. அனுமதிக் கடிதத்தில் 'திட்டமிட்ட சிகிச்சை' என்று இருந்தது. பில்லில் 'அவசர சிகிச்சை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். காகிதப்படி அது வேறொரு ஆபரேஷன். மாஸ்டருக்கு அனுமதி கிடைத்த ஆபரேஷன் நடக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி கவுன்ட்டர் அம்மா அதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நானே தான் போட்டிருக்கேன். அன்னிக்குத் தள்ளிப்போட்ட கேஸ் எல்லாம் ஒண்ணா வந்துச்சு." திருத்திய பில் பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. அக்கா மறுபடி அனுப்பினார்.

அடுத்த மாதம் பதில் வந்தது. தொகையை ஏற்றுக்கொள்வதாகவும், அறை வாடகையில் வரம்புக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் கட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அக்கா நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தார். அந்த அறை வாடகை விஷயத்திலும் சண்டை போடலாமா என்று கேட்டார். மாஸ்டர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "போதும் தாயே," என்று கும்பிட்டார்.

அப்போது மாஸ்டருக்கு அனுமதி ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். அவர் காலையிலிருந்து ஒரு வார்த்தையும் செலவழிக்காமல் வைத்திருந்து, சாயங்காலம் மகளுக்கு போன் போட்டார். "உங்கம்மா இருக்காளே," என்று அந்தத் தகரக் குரலில் ஆரம்பித்தவர், போன், ஆபீஸ், பெஞ்சு, டிக் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். அடுப்படியில் நின்ற அக்கா, "உங்க நேரம் முடிஞ்சுது" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். அவர் காதில் வாங்கவில்லை.

மாஸ்டர் மறுபடி வேலைக்குப் போகிறார். கத்தக் கூடாது என்பதால் ஆபத்து வந்தால் டேஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டுகிறார். மாணவர்கள் முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறார்களாம். வீட்டில் அவர் குரலை மிச்சம் பிடிக்கப் பழகிவிட்டதால் சாயங்கால நேரங்களில் நிறைய இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் இப்போதெல்லாம் அக்கா எதையாவது சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்.

போன வாரம்கூட, துணிகளை மடித்துக்கொண்டே, "ஒரு ஹோட்டல்ல இருந்து ஆர்டர் வந்திருக்குங்க. ஜன்னலே இல்லாத சுவருக்குத் திரை," என்றார்.

"எதுக்காம்?"

"ஜன்னல் இருக்கற மாதிரி இருக்கணுமாம். எத்தனை அகலம்னு கேட்டேன். எவ்வளவு பெரிய ஜன்னல் வேணும்னு யோசிச்சுச் சொல்றோம்னாங்க."

மாஸ்டர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அக்கா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார். "அப்புறம்?" என்று மாஸ்டர் பின்னாலிருந்து கேட்டார். "அப்புறம் என்ன சொன்னாங்க?"